ஸ்கேனருக்குப் பதில் சொல்லாத இன்ஜின்

மழைக்காலத்தில் பதுளை, பண்டாரவளைக் கராஜ்களில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "கொம்பியூட்டர் போயிருச்சு." செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, ஸ்கேனரைச் சொருகினால் 'லிங்க் எரர்' என்று நிற்கிறது. இவ்வளவுதான் சாட்சி. அடுத்து, கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன் போகும். பழைய ஈசியூ (இன்ஜினின் கொம்பியூட்டர்) ஒன்று பஸ்ஸில் ஏறி வரும். மாட்டிப் பார்த்தால் அதுவும் வாய் திறக்காது. காசும் போய், காரும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஈசியூ என்ற அலுமினியப் பெட்டி கெட்டுப்போவது உண்மைதான், ஆனால் அபூர்வம். பதில் சொல்லாத ஈசியூக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் வந்திருக்காது, அல்லது ஏர்த் இருக்காது, அல்லது பேச்சுப் போகும் இரண்டு வயர்களில் ஒன்று எங்கோ அறுந்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் பிரேக் பல்ப் ஒன்றும் போதும். அதனால் இந்த அத்தியாயத்தின் வரிசை செலவின் வரிசை. காசில்லாத சோதனை முதலில் வரும், பெட்டியைக் கழற்றுவது கடைசியில்.

நம் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே ஓடின. இன்று ஊவாவில் ஓடும் ஆல்ட்டோ, விட்ஸ், வேகன் ஆர், அக்குவா, ஹைஏஸ் பலவற்றின் வயர்கட்டு பத்துப் பதினைந்து வருட மழை, பனி, குழி எல்லாம் கண்டது. பெட்டி களைப்பதற்கு முன்பே வயர் களைத்துவிடும்.

பேச்சு எந்த வழியாகப் போகிறது

பழைய கார்களில் ஸ்கேனரும் இன்ஜின் ஈசியூவும் 'கே லைன்' என்ற ஒற்றை வயரில் பேசிக்கொண்டன. இப்போதுள்ளவற்றில் பெரும்பாலும் கேன். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் உலகுக்கு அறிவித்த முறை அது. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு வயர்கள், கேன்-ஹை, கேன்-லோ. இன்ஜின், பிரேக் ஏபிஎஸ், எயார்பேக், பவர் ஸ்டீயரிங், மீட்டர் போர்ட் எல்லாம் அந்த ஒரே ஜோடியில்தான் தொங்குகின்றன. ஜோடியின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பல டொயோட்டாக்களில் ஒன்று இன்ஜின் ஈசியூவுக்குள்ளும் மற்றது மீட்டர் போர்டுக்குள்ளும் இருக்கிறது. இந்த இரண்டு தடைகளும் பின்னால் நமக்குப் பெரிய உதவி செய்யப்போகின்றன.

யூ எழுத்தில் தொடங்கும் கோட்கள் இந்தப் பேச்சைப் பற்றியவை. யூ0100 என்றால் இன்ஜின் ஈசியூவோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். அதை எழுதி வைத்திருப்பது ஏபிஎஸ் அல்லது வேறு ஒரு பெட்டி. பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை என்று கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறிப்பதைப் போன்றதுதான் அது. ஆள் செத்துவிட்டானா, லயத்தில் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறானா, வழியில் பாலம் உடைந்து வர முடியவில்லையா என்று அந்தக் குறிப்புக்குத் தெரியாது. கோட்டைப் படித்தவுடன் பெட்டிக்கு ஓர்டர் கொடுப்பவர் இதை மறந்துவிடுகிறார். யூ0101 கியர்பெட்டியின் ஈசியூ, யூ0121 ஏபிஎஸ், ஹைபிரிட் காரில் யூ0293 வந்தால் ஹைபிரிட் கட்டுப்பாட்டுப் பெட்டி.

சாவியைப் போட்டதும் பார்க்க வேண்டிய விளக்கு

ஸ்கேனரை எடுக்குமுன் சாவியை 'ஒன்' வரைக்கும் திருப்பி மீட்டர் போர்டைப் பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத அந்த நிலையில் செக் இன்ஜின் லைட் எரிந்தே ஆகவேண்டும். அது எரிந்தால் ஈசியூ விழித்திருக்கிறது. கோளாறு பெரும்பாலும் ஸ்கேனரிலோ, சொருகும் சொக்கட்டிலோ, இடைவழி வயரிலோ. அது எரியாமல் எண்ணெய் விளக்கு, பெட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் ஈசியூ விழிக்கவே இல்லை. அப்போது கரண்டைத் தேட வேண்டும், கேன் வயரைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. பழுதான காரை வாங்கி விற்பவர்கள் சிலர் இந்த பல்பையே கழற்றிவிடுவார்கள். ஆகவே கார் நன்றாக ஓடிய நாட்களில் விளக்கு வந்து அணைந்ததா என்று சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா நிற்கும்போதே உங்கள் காரில் இதை ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

இரண்டாவதாக, மற்றப் பெட்டிகள் பேசுகின்றனவா? ஏபிஎஸ்ஸும் எயார்பேக்கும் ஸ்கேனருக்குப் பதில் சொல்லி, இன்ஜின் மட்டும் மௌனமாக இருந்தால் பொதுவழி நன்றாக இருக்கிறது. இன்ஜின் ஈசியூவின் கரண்ட், ஏர்த், அதற்குப் பிரியும் கிளைவயர் ஆகிய மூன்றுக்குள்தான் கோளாறு. ஒன்றுமே பேசாவிட்டால் பொதுவழி அடைபட்டிருக்கிறது, அல்லது ஸ்கேனரே சரியில்லை.

ஸ்கேனரைச் சந்தேகிப்பது அவமரியாதை ஆகாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பலவற்றுக்கு, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய கார்களின் பாஷை தெரியாது. நம் ஊரில் ரீகண்டிஷனாக வந்தவற்றில் நிறைய அந்த வகைதான். அந்த ஸ்கேனரை வேறொரு காரில் சொருகிப் பாருங்கள், இந்தக் காரில் வேறொரு ஸ்கேனரைச் சொருகிப் பாருங்கள். இரண்டில் ஒன்று பேசிவிட்டால் கதை மாறிவிடும்.

சொருகும் சொக்கட்டை ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் மட்டத்தில் தேடுங்கள். பதினாறு துளை. அகலமான வரிசை மேலே இருக்கும்படி பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 16ஆம் துளையில் பெட்டரி வோல்ட் முழுதாக வரவேண்டும். 4உம் 5உம் ஏர்த். 16இல் கரண்ட் இல்லையென்றால் ஸ்கேனரின் விளக்கே எரியாது. சில கார்களில் இதே பியூஸ்தான் சிகரெட் லைட்டருக்கும் போகிறது. அங்கே சொருகிய மலிவான போன் சார்ஜர் ஒன்று ஷோர்ட் ஆகி, 'கொம்பியூட்டர் போன' காராக கராஜுக்கு இழுத்து வரப்படுவது உண்டு. பியூஸ் ஒன்றுக்கு டீக்குச் செலவழிக்கும் காசு போதும்.

கரண்டும் ஏர்த்தும்

பெட்டரியிலிருந்து தொடங்குங்கள். கார் ஓய்ந்து நிற்கையில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. அதைவிட முக்கியம் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பது. 9.6க்குக் கீழே போனால் செல்ஃப் மோட்டர் முக்கி முனகிச் சுற்றும், ஆனால் ஈசியூ அந்த நொடியில் மயங்கிவிடலாம். ஹப்புத்தளை, தியத்தலாவை விடியற்குளிரில் களைத்த பெட்டரி இந்த வித்தையை அடிக்கடி காட்டும். பத்து மணி வெயிலில் அதே கார் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

பிறகு பியூஸ். கண்ணால் பார்த்து 'நல்லாயிருக்கு' என்று சொல்லாமல் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். டொயோட்டாவில் 'ஈஎஃப்ஐ' என்று எழுதிய பியூஸும் மெயின் ரிலேயும் முக்கியம். ரிலே சந்தேகமானால் அதே எண் அச்சிட்ட ஹோர்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எண் ஒன்றாக இருக்க வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தால் போதாது. பல கார்களில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈசியூதான். அதனால் ரிலே இழுக்கவில்லை என்றால் ஈசியூவுக்கு நேராக வரும் நிரந்தரக் கரண்டும் சாவிக் கரண்டும் இருக்கின்றனவா என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

இங்கே பிரேக் பல்பின் வேலை வருகிறது. மல்டிமீட்டர் ஒரு பொய்யைச் சொல்லும். ஏழு இழை வயரில் ஆறு இழை அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது கரண்ட் இழுப்பதில்லை. 21 வொட் பிரேக் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈசியூ சொக்கட்டைக் கழற்றிவிட்டு, கரண்ட் வயருக்கும் பெட்டரி மைனசுக்கும் இடையில் அந்த பல்பைப் பிடியுங்கள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். நல்ல வயரில் பளீரென எரியும். அறுந்த இழையில் மங்கும், அல்லது எரியவே எரியாது. ஏர்த் வயரைச் சோதிக்க பல்பின் ஒரு முனையைப் பெட்டரி பிளஸ்ஸில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த பல்பை கேன் வயரிலோ சென்சர் வயரிலோ வைத்துவிடாதீர்கள். அந்த அம்பியரை அவை தாங்கா.

ஏர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஊவாவில் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். ஈசியூவின் ஏர்த் வயர்கள் இன்ஜின் உடலிலோ இன்டேக் மெனிஃபோல்டிலோ ஒரு சிறிய போல்ட்டில் முடிகின்றன. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நம் பக்கம் மழைதான். வெல்லவாயவின் வெக்கையில் கொதித்த இன்ஜின் கொஸ்லந்தை, பெரகலை ஏறி ஹப்புத்தளைப் பனிக்குள் நுழையும்போது, சூடான சொக்கட்டுக்குள் இருந்த காற்று குளிர்ந்து ஈரமாகப் படிகிறது. நாளுக்கு நாள் இதுவே நடந்தால் செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறும். வெளியில் போல்ட் இறுக்கமாகவே தெரியும். கழற்றித் திருப்பினால்தான் அடியில் களிம்பு பூத்திருப்பதைக் காணலாம். அளப்பதற்கு: மீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டரி மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், சிவப்பை ஈசியூவின் ஏர்த் வயரில் பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியால் தொடுங்கள், ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள்.

வயரின் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குத்திய துளை வழியாக ஈரம் போய், அடுத்த மழைக்கு அந்த இடமே களிம்பாகும்.

60 ஓம்

கரண்டும் ஏர்த்தும் சரி, இருந்தும் பேச்சு இல்லை என்றால் கேன் ஜோடியை அளக்கலாம். சாவியை எடுத்துவிட்டுப் பெட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்திருங்கள். கரண்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பிறகு சொக்கட்டின் 6ஆம் துளைக்கும் அதற்கு நேர் கீழேயுள்ள 14ஆம் துளைக்கும் இடையில் தடை பாருங்கள்.

இரண்டு 120 ஓம் தடைகளும் பக்கவாட்டில் சேர்ந்திருப்பதால் 60 ஓம் வரவேண்டும். டொயோட்டா தன் கையேட்டில் 54 முதல் 69 வரை சரி என்கிறது. 120 வந்தால் ஒரு முனை அறுந்துவிட்டது. ஒரு பெட்டி கழன்றிருக்கிறது அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. 40 அளவில் வந்தால் யாரோ மூன்றாவது தடை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். தவறான பெட்டி மாட்டிய காரில் இதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு ஓம் வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இன்னும் இரண்டு அளவு: ஒவ்வொரு கேன் வயருக்கும் ஏர்த்துக்கும் இடையில் 200 ஓமுக்கு மேலும், 16ஆம் துளைக்கு இடையில் 6 கிலோ ஓமுக்கு மேலும் இருக்க வேண்டும்.

பெட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டால் கேன்-ஹை இரண்டரை வோல்ட்டுக்குச் சற்று மேலும் கேன்-லோ சற்றுக் கீழும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் ஐந்துக்குப் பக்கத்தில் வரும். ஒன்றில் பன்னிரண்டு காட்டினால் பிளஸ் வயரோடு ஒட்டியிருக்கிறது, பூச்சியம் காட்டினால் உடலோடு ஒட்டியிருக்கிறது.

ஒட்டிப்போன ஜோடியில் குற்றவாளியைப் பிடிப்பது பொறுமை கேட்கும் வேலை. மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எண் திடீரென்று 60க்கு ஏறினால் கடைசியாகக் கழற்றியதே கள்ளன். 120க்கு ஏறினாலும் அதேதான். முனைத்தடை இருந்த பெட்டியையே கழற்றிவிட்டீர்கள் என்பது மட்டும் கூடுதல். எதில் தொடங்குவது? தொழிற்சாலையில் மாட்டாததில். எலாம், ட்ரெக்கர், அன்ட்ரொய்ட் பிளேயர், யாரோ மாட்டிக் கொடுத்த ஃபொக் லைட். இவற்றின் வயர்களைக் கேன் ஜோடியில் பிளேடால் கீறி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலுக்கு அந்த டேப் பசை விட்டு நழுவிவிடும். அதற்குப் பிறகு போனட்டுக்குள் ஈரத்தில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டி. அதற்கும் பிறகே மற்றவை.

கே லைன் கார்களில் இந்த 60 ஓம் கணக்கு கிடையாது. ஸ்கேனரைச் சொருகிச் சாவியைப் போட்டு 7ஆம் துளையில் வோல்ட் பாருங்கள். பெட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் சொக்கட்டுக்குப் பின்னால் கேட்வே பெட்டி ஒன்று குறுக்கே நிற்கும். அங்கே 6க்கும் 14க்கும் இடையில் அளப்பது கேட்வே வரைக்குமான வழியை மட்டுமே சொல்லும்.

ஐந்து வோல்ட்டைத் தின்னும் சென்சர்

அனுபவமுள்ள கராஜ் பாஸ்மாரையும் ஏமாற்றும் கோளாறு இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஈசியூ பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, உள்ளே ஐந்து வோல்ட் ஆக்கி, திரொட்டில், மேப், ஆக்சிலரேட்டர் பெடல் சென்சர்களுக்கு அனுப்புகிறது. பல கார்களில் இந்த ஐந்து வோல்ட்டுக்கும் ஈசியூவின் மூளைக்கும் உறவு உண்டு. வெளியே ஒரு சென்சரில் அந்த வயர் உடலோடு ஒட்டினால் ஐந்து வோல்ட் படுத்துவிடும், கூடவே மூளையும் படுத்துவிடும். செக் இன்ஜின் லைட் எரியாது, ஸ்கேனர் சேராது, இன்ஜின் பிடிக்காது. பார்ப்பதற்கு அச்சு அசலாகச் செத்த ஈசியூ.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓடிய டொயோட்டா கார் ஒன்று இப்படித்தான் வந்தது. கராஜ் மாறி வந்திருந்ததால், சொந்தக்காரர் ஈசியூ விலையைக் கேட்டு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டே இறங்கினார்.

"பாஸ், பெட்டி போயிருச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. புதுசு போட்டுருவோமா?"

"பொறுங்க ஐயா, மொதல்ல மேப் சென்சர் சொக்கட்ட கழட்டி அளந்து பாத்துருவோம்."

மூன்று வயர். ஒன்றில் 4.5க்கும் 5.5க்கும் இடையில் வரவேண்டிய வோல்ட் 0.1 என்று நின்றது. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பாஸ் திரொட்டில் சொக்கட்டைக் கழற்றினார், அசைவில்லை. பெடல் சென்சரைக் கழற்றினார், அசைவில்லை. இன்ஜினோடு ஓடும் வயர்கட்டை ஒரு இடத்தில் கையால் தூக்கியதும் எண் 4.9க்குக் குதித்தது, மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கும் எரிந்தது. இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்து இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தோட்டத்துப் பாதையின் ஒவ்வொரு குழியிலும் வயர்கட்டு ஒரு இரும்புப் பிடியில் உரசி உரசி, எள்ளளவு செம்பு வெளியே தெரிந்தது. வயரை ஒட்டி, பிடியில் ரப்பர் சுற்றி, மவுண்டை மாற்றினார். மவுண்டை மாற்றாமல் வயரை மட்டும் ஒட்டியிருந்தால் அதே கார் இன்னொரு மாதத்தில் திரும்ப வந்திருக்கும்.

சென்சரே உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருந்தால் அதன் சொக்கட்டைக் கழற்றிய கணத்தில் ஐந்து வோல்ட் எழும்பும். ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குச் செலவு இல்லை. ஈசியூ வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையாவது நடந்ததா என்று உங்கள் பாஸிடம் கேளுங்கள்.

எலி, தண்ணீர், வெல்டிங்

வெலிமடை, கெப்பெட்டிபொலப் பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிய கொட்டிலுக்கு அருகில் காரை விட்டால் இரவுக்குள் எலி சூடான இன்ஜின் மேல் ஏறிவிடும். லயத்து விறகுக் குவியல் பக்கமும் அப்படியே. எலி கடித்த வயர்கட்டில் ஒரு வயரை ஒட்டிவிட்டு விடக்கூடாது. கடித்த இடத்துக்கு இருபுறமும் டேப்பை நீளமாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் கடித்த எலி நாலு இடத்தில் ருசி பார்த்திருக்கும். ரசக்கற்பூர உருண்டை கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு எலிக்குப் பழகிவிடும். ஹொண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றையே எலிக்காகச் செய்து விற்கிறது. அது கிடைக்காத இடத்தில் இரவில் போனட்டைத் திறந்து வைப்பது உதவும்; மறைவில்லாத இடமும் குளிரும் எலிக்குப் பிடிக்காது.

தண்ணீர் மேலிருந்தும் வரும். வைப்பருக்குக் கீழேயுள்ள வடிகாலில் நிழல்மரத்து இலை அடைத்தால் மழைத்தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். பல கார்களில் ஈசியூ இருப்பது குளோவ் பெட்டிக்குப் பின்னால்தான். இடதுபக்கக் கால்விரிப்பைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் துப்புக் கிடைத்துவிட்டது. சேர்விஸ் போடும் இடத்தில் இன்ஜினைப் பிரஷர் தண்ணீரால் அடித்த மறுநாள் கோளாறு வந்தாலும் முதலில் சொக்கட்டுகளைக் கழற்றி உலர்த்துங்கள். கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், ரப்பர் சீலை ஊதவைத்துவிடும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் எங்கும் மண் சரிந்தது, வாகனங்கள் சேற்றில் புதைந்தன. அப்படி நனைந்த காரில் செய்யக்கூடாத ஒரே காரியம் 'ஓடுதா பாப்போம்' என்று சாவியைப் போடுவது. நனைந்த பெட்டியைக் கெடுப்பது தண்ணீரைவிடத் தண்ணீருக்குள் பாயும் கரண்ட். பெட்டரியைக் கழற்றி, ஈசியூவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, சேற்றை ஐசோபுரோபைல் அல்கஹோலால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பிழைத்துக்கொள்ளும் பெட்டிகள் நிறைய.

செசியிலோ பம்பரிலோ வெல்டிங் வைக்குமுன் பெட்டரியின் இரண்டு முனையையும் கழற்றச் சொல்லுங்கள். ஏர்த் கிளிப் வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அவசரத்தில் ஜம்ப் ஸ்டார்ட் எடுக்கும்போது பிளஸ்ஸும் மைனஸும் மாறினாலும் ஈசியூ உண்மையாகவே போகலாம்.

ஹைபிரிட் கார்களில் இங்கே சொன்ன சோதனைகள் 12 வோல்ட் பக்கத்துக்கு மட்டுமே. செம்மஞ்சள் உறை போட்ட கேபிள் எதையும் தொடாதீர்கள், அதற்குள் உயிரைப் பறிக்கும் வோல்ட் இருக்கிறது. எந்தக் காரிலும் எயார்பேக்கின் மஞ்சள் சொக்கட்டைக் கழற்றுமுன் பெட்டரியைக் கழற்றிக் குறைந்தது ஒன்றரை நிமிடம் காத்திருங்கள்.

ஒட்டுவேலை

கேன் வயரை ஒட்டும்போது முறுக்கைக் காப்பாற்ற வேண்டும். அந்த முறுக்குத்தான் இக்னிஷன் கொயிலின் இரைச்சலை வெளியே தள்ளுகிறது. ஒட்டும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பிரித்து விடாதீர்கள். இரண்டு ஒட்டும் நேருக்கு நேர் வராமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளி வையுங்கள். பழைய வயரின் பருமனே புதியதற்கும் இருக்கட்டும். பசை உள்ள சுருங்கு குழாயை முதலிலேயே வயரில் ஏற்றிவிடுங்கள். ஈயம் வைத்த பிறகு நினைவு வந்தால் மறுபடி அறுக்க வேண்டும். ஒட்டிய இடம் ஆடாதபடி வயர்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். ஈயம் வைத்த வயர் ஆட்டத்தைத் தாங்காமல் விளிம்பில் ஒடியும்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் வயர்கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பாருங்கள். நின்ற இடத்தில் கிடைக்காவிட்டால் ஸ்கேனரை மாட்டியபடியே பசறையிலிருந்து மடுல்சீமை வரை ஏறி இறங்குங்கள். எந்த வளைவில், எந்தக் குழியில் தொடர்பு அறுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். இடது வளைவிலேயே அறுகிறது என்றால் இன்ஜின் சாயும் திசையில் இழுபடும் வயரைத் தேடுங்கள்.

பெட்டியைக் கழற்றும் கட்டம்

கரண்ட் பல்பை எரிக்கிறது, ஏர்த்தும் எரிக்கிறது, கேன் ஜோடி ஈசியூவின் சொக்கட் வரைக்கும் சுத்தம், சென்சர்களைக் கழற்றியும், வயர்கட்டை அசைத்துப் பார்த்தும் ஐந்து வோல்ட் எழவில்லை. இப்போது ஈசியூவைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. கழற்றி முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை இருக்கலாம். மூடியைத் திறந்தால் ஊதிய கெபாசிட்டர், கருகிய தடம், பச்சைக் களிம்பு கண்ணுக்கே தெரியலாம். போர்ட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் பல பெட்டிகள் மீண்டு வரும். அந்த வழியைப் பார்த்துவிட்டே பழையது வாங்கப் போங்கள்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள எண் கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டா இன்ஜின் ஈசியூக்களின் எண் பெரும்பாலும் 89661 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வருவதே உங்கள் மாடலையும் கியரையும் சொல்லும். இம்மொபிலைசர் உள்ள காரில் எண் ஒத்தாலும் போதாது. வந்த பெட்டி உங்கள் சாவியை அடையாளம் காணாது. பெட்டியைச் சாவியோடு பொருத்த வேண்டும், அல்லது பழைய பெட்டியின் நினைவகச் சில்லிலுள்ள தரவைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அந்த வேலைக்கும் சேர்த்து விலை பேசிவிட்டுக் காசைக் கொடுங்கள், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழைய பெட்டியைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். செத்தது என்று சொன்னாலும் கேட்டு வாங்கி, ஈரம் படாமல் பொதிந்து வீட்டில் வையுங்கள். உங்கள் சாவியின் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.